கண்ணுக்குள்ளேயே நிற்கும் நினைவை நம்பலாமா?

நம்பிக்கை: அதிர்ச்சியான நேரத்தில் மனசில் பதிந்தது மாறவே மாறாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமிச் செய்தி வந்தபோது நான் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். இத்தனை வருடமாக இப்படித்தான் சொல்லிவருகிறேன். அக்காவோ, “அன்னைக்கு நீ வீட்லயே இல்லடா. முடிவெட்டப் போயிருந்தே. வந்ததும் நான்தான் சொன்னேன்” என்கிறாள். இரண்டு பேருமே சத்தியம் பண்ணத் தயார். ஆனால் இரண்டும் நடந்திருக்க முடியாது.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். மறுநாள் காலையே உளவியலாளர் உல்ரிக் நெய்ஸர், அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழக மாணவர்களை எழுதவைத்தார்: செய்தியை எங்கே கேள்விப்பட்டீர்கள், யார் சொன்னார்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? இரண்டரை ஆண்டுகள் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. வகுப்பறையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டதாக எழுதியிருந்த மாணவி, விடுதி அறையில் தோழியோடு டி.வி.யில் பார்த்ததாகச் சொன்னார். தயக்கமே இல்லை. அவரவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. இதைப் படித்த பிறகுதான் நான் அக்காவிடம் வாதாடுவதை விட்டேன்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதே முறையில் ஓர் ஆய்வு தொடங்கியது. தாக்குதல் நினைவோடு, அந்த நாட்களில் நடந்த ஒரு சாதாரண சம்பவத்தையும் எழுதச் சொன்னார்கள். நாள் போகப்போக இரண்டிலும் விவரங்கள் ஒரே அளவில்தான் பிசகின. தாக்குதல் நினைவில் குறையாமல் நின்றது ‘எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது’ என்ற உறுதி மட்டும்தான்.

நம்பிக்கை: அப்படியானால் உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இப்படி மறுகோடிக்குப் போவதும் தப்பு. மூளையின் இரு பக்கமும் உள்ளே ஆழத்தில், பாதாம்பருப்பு வடிவில், அமிக்டலா இருக்கிறது. அதை ஒட்டியே, நடந்ததை நினைவாகக் கோக்கிற ஹிப்போகேம்பஸ். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் நேராக மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. வேகஸ் நரம்பைத் தூண்டி, அதன் வழியாக அமிக்டலாவை முடுக்குகிறது. ‘இதை வைத்துக்கொள்’ என்ற அழுத்தம் அங்கிருந்துதான் ஹிப்போகேம்பஸுக்குப் போகிறது.

1994இல் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்காவ் குழுவினர் கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்தார்கள். அம்மாவோடு போகும் சிறுவன் விபத்தில் சிக்கும் கதையைப் படங்களோடு சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, விபத்துப் பகுதிதான் கேட்டவர்கள் மனசில் நன்றாக நின்றது. ஆனால் கதைக்கு முன் ப்ரொப்ரனலால் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கூடுதல் பதிவு இல்லை. நம் ஊரில் படபடப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருகிற மாத்திரைதான் அது. அட்ரினலினின் வேலையைத் தடுத்ததும் விபத்தும் கதையின் மற்றப் பகுதிகளைப்போல ஆகிவிட்டது.

ஆக, உணர்ச்சி நடந்ததன் நடுவை அழுத்திப் பதிக்கும். ஓரங்களைக் கைவிட்டுவிடும். கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தவனின் கத்தி நினைவிருக்கும், முகம் இருக்காது. அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாமில் அரைமணி நேரத்துக்கும் மேல் எதிரே நின்று மிரட்டியவரையே, மறுநாள் வரிசையில் நிறுத்தியபோது வீரர்களில் பெரும்பாலோர் சரியாக அடையாளம் காட்டவில்லை. சாட்சி அழுத்தந்திருத்தமாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடக் கூடாது.

நம்பிக்கை: பயம் இருந்தால்தான் படிப்பு ஏறும்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். ஆறாம் வகுப்பில் வாங்கிய பிரம்படி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிரம்பின் கணுகூடத் தெரிகிறது. அன்று எந்தப் பாடம் நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

இன்னொன்று, பெற்றோர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. அட்ரினலின் நொடிகளில் வரும். பயத்தில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசால் மெதுவாக ஏறி, இருபது முப்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். ஹிப்போகேம்பஸில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் ஏராளம். புதிதாக நடப்பதைப் பதிக்க அது உதவலாம். ஏற்கெனவே பதிந்ததை எடுக்கும்போது குறுக்கே நிற்கிறது.

டொமினிக் டி கெர்வேன் 1998இல் எலிகளை வைத்து இதைக் காட்டினார். நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கும் மேடை எங்கே என்று எலிகள் கற்றிருந்தன. சோதனைக்கு இரண்டு நிமிடம் முன்னால் மின்னதிர்ச்சி கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. அரைமணி நேரம் முன்னால் கொடுத்தால் இடத்தைத் தேடித் தடுமாறின. நான்கு மணி நேரம் விட்டுச் சோதித்தபோது மறுபடியும் சரியாகப் போய்ச் சேர்ந்தன. பிறகு மனிதர்களுக்கு, உடலில் கார்ட்டிசாலாக மாறும் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். முந்தின நாள் படித்த சொற்களை எடுத்துச் சொல்ல அவர்களும் திணறினார்கள்.

தேர்வுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது வாசலில் வைத்துப் பிள்ளையைத் திட்டும் அப்பா அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மதியம் வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளை, “தெரிஞ்ச கேள்விம்மா, அப்போ வரவே இல்ல, இப்போ வருது” என்று அழும். பொய் சொல்கிறது என்று நினைக்காதீர்கள். அதற்கு அந்தப் பதில் தெரிந்தேதான் இருந்தது.