மச்சில் ஏறும் குழாயும் தரைக்கடியில் ஓடும் குழாயும்

கிராமத்து வீட்டிற்குள் குழாய் நீர் வருவது பெரும் நன்மையாகும். தெருக்குழாயடியில் குடத்துடன் காத்து நின்ற பெண்களின் பொழுதும் உழைப்பும் இதனால் மிஞ்சுகின்றன. ஆயினும், வீட்டிற்குள் வந்த நீர் கண்ணில் படாத இடத்தில் கசியுமானால், அதே நீர் சுவரையும் கூரையையும் கெடுத்து, குடிப்போரின் உடல்நலத்தையும் கெடுத்துவிடும். ஆகவே பழைய வீடுகளைப் புதுப்பித்து மச்சிலும் தரைக்கடியிலும் குழாய் அமைப்போர் கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது வேப்பனப்பள்ளி ஊராட்சி ஒன்றியம். கேழ்வரகும் மாவும் தக்காளியும் விளையும் பகுதி இது. இங்குள்ள பழைய வீடுகள் பலவும் கல்லும் மண்ணும் கொண்டு சுவர் எழுப்பி, ஓட்டுக் கூரையோ கற்பலகைக் கூரையோ அமைத்துக் கட்டப்பட்டவை. ஓட்டுக் கூரையின் கீழ் மரக்கட்டைகளின்மேல் பலகை பரப்பிய மச்சில் தானியமும் தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்கப்பட்டு வந்தன. ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் சென்றுவரும் இளைஞர்கள் உள்ள குடும்பங்களில், புதிய மனை வாங்குவதைவிட இருக்கும் வீட்டைப் புதுப்பிப்பதே சிக்கனம் எனக் கருதுவது இயல்பு. மச்சு அறையாகிறது, அறைக்குத் தண்ணீர் தேவைப்படுகிறது. சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது.

குளிர் நாடுகளில் வீட்டின் தரையை நிலத்தினின்று இரண்டு மூன்று அடி உயர்த்தி, ஓர் ஆள் தவழ்ந்து செல்லும் அளவிற்கு இடைவெளி விட்டுக் கட்டும் முறை உண்டு. குழாய்கள் அவ்விடைவெளியில் செல்லும். பழுது நேர்ந்தால் உள்ளே புகுந்து சரிசெய்யலாம். அங்குள்ளோர் அஞ்சுவது உறைபனிக்கு. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துக் குழாயைப் பிளந்துவிடும். நமக்கு அந்த அச்சமில்லை. நம் மச்சில் வெப்பமும் எலியும் பகைவர்கள். நம் தரைக்கடியில் தவழவும் இடமில்லை. ஆகவே அயல்நாட்டு முறையை அப்படியே கைக்கொள்ளாமல், அதன் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது இதுதான்: எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் குழாய் இணைப்பு இருத்தலாகாது.

இருவகை நீரும் இருவேறு குழாய்களும்

குழாயைப்பற்றி எண்ணுமுன் அதில் ஓடும் நீரைப்பற்றி எண்ண வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு என்னும் உப்பு மிகுந்துள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை அது இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதற்கு மேற்பட்ட நீரை நெடுங்காலம் பருகினால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். பெரியோரின் எலும்பும் மூட்டும் விறைத்துப் போகும். நீரைக் கொதிக்க வைப்பதால் இந்த உப்பு நீங்குவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இக்கேட்டை நீக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்டு, 2013-ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் இவ்விரு மாவட்டங்களின் ஊர்களுக்கு வரலாயிற்று. பின்னர் 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், வீடுதோறும் குழாய் இணைப்பு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டது.

இவ்வளவு செலவிலும் உழைப்பிலும் வந்த காவிரி நீரை, மச்சிலுள்ள ஒரே தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீருடன் கலந்துவிட்டால் என்ன பயன்? திட்டத்தின் நோக்கமே நம் வீட்டுக் கூரையின் கீழ் பாழாகிவிடும். எனவே குடிக்கவும் சமைக்கவும் ஆகும் நீருக்கு ஒரு குழாய், குளிக்கவும் கழுவவும் ஆகும் கிணற்று நீருக்கு மற்றொரு குழாய் என இரண்டையும் அடியிலிருந்து நுனி வரை பிரித்தே அமைக்க வேண்டும். இரண்டிற்கும் இரு வண்ணம் தீட்டி வைத்தால், பின்னாளில் பழுதுபார்க்க வருபவர் தவறி ஒன்றை மற்றொன்றுடன் இணைத்துவிட மாட்டார்.

மச்சு தாங்கும் பாரம்

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. 500 லிட்டர் தொட்டி நிறைந்தால் அரை டன் பாரம். அதாவது 50 கிலோ சிமெண்டு மூட்டைகள் பத்தை ஒரே இடத்தில் அடுக்கியதற்கு ஒப்பாகும். தானிய மூட்டை மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும். தொட்டியின் பாரமோ நாள்தோறும் நிறைந்து நிற்கும். பலகையின் நடுவில் தொட்டியை வைத்தால் மரக்கட்டை மெல்ல வளையும்; கட்டை ஊன்றிய மண் சுவரும் பிளக்கும்.

ஐவர் கொண்ட குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 275 லிட்டர் ஆகிறது. எனவே 300 லிட்டர் தொட்டியே ஒரு நாள் தேவைக்குப் போதும். அதையும் மச்சில் ஏற்றாமல், நம் பகுதியில் எளிதிற் கிடைக்கும் கருங்கல் தூண்களை வீட்டிற்கு வெளியே நாட்டி, அவற்றின்மேல் கற்பலகை பரப்பி அதில் வைப்பது சாலச் சிறந்தது. மச்சிற்குள் வைத்தே ஆகவேண்டுமெனில், குறுக்குச் சுவருக்கு நேர் மேலாக, இரு சுவர்களில் ஊன்றிய கனமான விட்டங்களின்மீது வைக்க வேண்டும். இதைக் கொத்தனாரிடம் மட்டும் விடாமல், ஒன்றியப் பொறியாளரைக் கலந்துகொள்வது நலம்.

தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஏழு முதல் பத்து நாள்களுக்குள் புதிய கொசு பறந்துவிடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது இதுவே. ஆகவே வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவ ஓர் ஆள் குனிந்து நிற்கும் இடமாவது தொட்டிக்கும் ஓட்டிற்கும் இடையே இருக்க வேண்டும். நீர் விழும் குழாய்வாய், தொட்டி வழியும் மட்டத்திற்கு இரண்டு அங்குலமேனும் மேலே இருக்கட்டும். அது நீரில் மூழ்கியிருந்தால், விநியோகம் நின்ற வேளையில் தொட்டி நீர் ஊர்க் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்கப்படக்கூடும். தொட்டி நிறைந்து வழியும் நீர் மச்சுப் பலகையில் விழாமல், வெளியே கண்ணில் படும் இடத்தில் விழுமாறு வழிவுக் குழாயைக் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்து நீர்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். மச்சில் தரையிலிருந்து 9 அடி உயரத்தில் தொட்டி இருந்து, கீழே 3 அடி உயரத்தில் குழாய்த்திருகு இருந்தால், இடைப்பட்ட 6 அடிக்குக் கிடைப்பது இதில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. எனவே குழாயின் விட்டத்தைச் சிறிது கூட்டியும், வளைவுகளைக் குறைத்தும் அமைக்க வேண்டும். மச்சறையிலேயே குளியலறை அமைக்க எண்ணுவோருக்கு அதனினும் உயரத்தில் தொட்டி வேண்டியிருக்கும். மண் சுவர் வீட்டில் இவ்வாசையை விடுத்து, குளியலறையையும் கழிப்பிடத்தையும் தரைமட்டத்தில் வெளிச்சுவரை ஒட்டி அமைப்பதே அறிவுடைமை.

மச்சில் குழாய் செல்லும் முறை

கோடையில் ஓட்டிற்குக் கீழ் வெப்பம் மிகும், இரவில் தணியும். பிளாஸ்டிக் குழாய் இதற்கேற்ப நீண்டு குறுகும். 25 பாகை வெப்ப வேறுபாட்டில் 20 அடி நீளமுள்ள பி.வி.சி. குழாய் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். அதை இரு முனையிலும் சுவரில் இறுகப் பூசிவிட்டால், நாளடைவில் இணைப்பு விட்டுப்போகும். ஆதலால் குழாயைத் தாங்கும் கிளாம்புகள் மூன்று அடிக்கு ஒன்றாக, குழாய் நகரும் அளவு தளர்வாக இருக்க வேண்டும். சுவரை ஊடுருவும் இடத்தில் சற்றுப் பெரிய குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து, அதனுள்ளே செலுத்த வேண்டும்.

வெயில் நேரே படும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். அதற்கு உறையோ வண்ணப் பூச்சோ வேண்டும். வெந்நீருக்கு அது ஏற்றதன்று, சி.பி.வி.சி. குழாயே ஏற்றது. தானியம் இருக்கும் மச்சில் எலியும் இருக்கும். அது பிளாஸ்டிக்கைக் கடித்துத் துளையிடும். எனவே தானியத்தையும் குழாயையும் ஒரே மச்சில் வைத்தல் தகாது.

மண் சுவரில் காடி வெட்டிக் குழாயைப் புதைப்பது பெருந்தவறு. குழாய் சுவரின் மேலேயே ஓடட்டும். பார்வைக்குச் சிறிது குறைவாயினும் பழுதைக் காட்டிக் கொடுக்கும். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் இணைப்பு, இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டாலும், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் சுவருக்குள் இறக்கும். மண் சுவர் கரையவும், விட்டத்தில் கறையான் ஏறவும் இதுவே போதும்.

தரைக்கடியில் செல்லும் குழாய்

திண்ணைக்கும் தரைக்கும் அடியில் குழாய் செல்வது தவிர்க்க முடியாததாயின், அங்கு இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாயைப் பெரிய குழாய் ஒன்றினுள் செருகிப் புதைக்க வேண்டும். பழுது நேர்ந்தால் தரையைத் தோண்டாமல் உருவி எடுத்துவிடலாம். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் அருகருகே செல்லலாகாது. குறுக்கிட நேர்ந்தால் குடிநீர் மேலும் கழிவுநீர் கீழுமாகச் செல்ல வேண்டும்.

கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவே உயிர். 40 அங்குலத்திற்கு ஓர் அங்குலம் தாழ வேண்டும். 20 அடி ஓடினால் 6 அங்குலம் தாழ்ந்திருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் மூடியுள்ள சோதனைத் தொட்டி வேண்டும். கழிவு வாய்களில் நீர்ப்பூட்டு இரண்டு அங்குல ஆழமேனும் நிற்குமாறு பொருத்தினால் நாற்றமும் பூச்சியும் உள்ளே வாரா. சமையல், குளியல் நீரை உறிஞ்சு குழிக்கோ வாழைப் பாத்திக்கோ அனுப்பலாம். அது வீட்டுக் கடைக்காலுக்கு அருகே தேங்க விடலாகாது. கழிப்பிட நீரை இதனுடன் சேர்த்தல் கூடாது.

பூசுமுன் சோதனை

வேலை முடிந்து பசை உலர ஒரு நாள் விட்டு, திருகுகளையெல்லாம் மூடி, குழாயில் நீரை நிறைத்து, ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரவில் தொட்டியின் நீர்மட்டத்தில் ஒரு கோடிட்டு, எவரும் நீரெடுக்காமல் இருந்து, காலையில் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உண்டு. இச்சோதனை முடியுமுன் பூச்சு வேலைக்கு இடந்தரலாகாது. அதன்பின், குழாய் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரங்களுடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

மச்சிற்கு நீர் ஏறவில்லையென்று ஊர்க் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்துவோர் உண்டு. இதனால் மேட்டிலுள்ள வீடுகளுக்கு நீர் எட்டாமற் போவதோடு, மோட்டார் இழுக்கும் வேகத்தில் தெருக்குழாயின் வெடிப்புகள் வழியாகச் சாக்கடை நீரும் உட்புகக் கூடும். ஒரு வீட்டின் வசதி ஊராரின் நோயாகும். தரைமட்டத் தொட்டி ஒன்றில் நீரைப் பிடித்து, அதிலிருந்து மோட்டார் மூலம் மேலேற்றுவதே நேர்மையான வழி. பஞ்சாயத்துப் பணியில் உள்ளோர் இதைக் கடுமையாகக் கவனிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் மார்ச் 22-ஆம் நாள், உலகத் தண்ணீர் நாளன்று, தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அந்நாளில் மூன்று கேள்விகளை ஊர்மக்கள் முன் வைக்கலாம். நம் ஊர்க் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு? எத்தனை வீடுகளில் கிணற்று நீரும் காவிரி நீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன? எத்தனை மோட்டார்கள் ஊர்க் குழாயில் நேரே பூட்டப்பட்டுள்ளன? இவற்றிற்கு விடை கிடைத்தால், செய்யவேண்டிய பணி தானே விளங்கும்.

நெடுந்தொலைவு கடந்து நம் வாசல் வரை நல்ல நீரைக் கொண்டுவருவது அரசாங்கத்தின் பணி. வாசலிலிருந்து குவளை வரை அதைக் கெடாமல் கொண்டுசேர்ப்பது நம் பணி.