வயிற்றில் பிள்ளை, இரத்தத்தில் சீனி

கிளினிக்கில் "இரத்தத்தில் சீனி கூடியிருக்கு" என்று சொன்னதும் நம் தாய்மாரில் சிலர், "எனக்கு ஒண்ணும் செய்யலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிடுவார்கள். வேறு சிலர் பயந்துபோய்ச் சோற்றை நிறுத்திவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போவார்கள். இரண்டும் பிழை. இந்தச் சீனியை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். சாப்பாட்டை மாற்றித்தான் குறைக்க வேண்டும், பட்டினி கிடந்து அல்ல. இந்த முறை நாம் படிக்கும் பாடம் இதுதான்.

ஏன் வருகிறது?

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, பாண் எல்லாம் செரித்து இரத்தத்தில் சீனியாகச் சேர்கின்றன. அந்தச் சீனியை உடம்பு பாவிக்க இன்சுலின் வேண்டும். அதைச் சுரப்பது கணையம். கர்ப்ப காலத்தில் நச்சுக்கொடியிலிருந்து வரும் சில சுரப்புகள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. மாதம் ஏற ஏற இது கூடும். கணையம் ஈடுகொடுக்க முடியாமல் போனால் இரத்தத்தில் சீனி தேங்கிவிடும். தாய் தகப்பனுக்குச் சீனி வருத்தம் இருந்தால், உடம்பு பருத்திருந்தால், முன்பு பெரிய பிள்ளை பெற்றிருந்தால் இது வர இடமுண்டு. ஆனால் மெலிந்தவர்களுக்கும், நாள் முழுக்க மலை ஏறி இறங்குபவர்களுக்கும்கூட வரலாம்.

கவனிக்காவிட்டால் என்ன நடக்கும்?

தாயின் சீனி பிள்ளைக்கும் போகும். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும். தோள் சிக்கிக்கொள்ளலாம், ஒப்பரேஷன் தேவைப்படலாம். தாய்க்குப் பிரஷர் கூடலாம். பிறந்த பிள்ளைக்குச் சீனி திடீரென்று இறங்கிவிடலாம். பெருத்த பிள்ளை என்றால் சுகமான பிள்ளை என்று நினைத்துவிடக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மூத்திரத்தைச் சோதித்தால் மட்டும் போதாது. இரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும். முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள். அப்போது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 கிழமைக்குள் மறுபடி பார்க்க வேண்டும். இரவில் குறைந்தது 8 மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள். ஒரு மணித்தியாலத்திலும் இரண்டு மணித்தியாலத்திலும் திரும்ப இரத்தம் எடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் வகுத்த கணக்குப்படி வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153. இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலும் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்வார்கள்.

அரைப்பேர் போகுதே என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?

நீரிழிவு என்று தெரிந்த பிறகு பொதுவாக வைக்கும் இலக்கு இது:

வெறும் வயிற்றில் 95க்குக் கீழே.
சாப்பிட்டு 1 மணித்தியாலத்தில் 140க்குக் கீழே.
சாப்பிட்டு 2 மணித்தியாலத்தில் 120க்குக் கீழே.

உங்கள் டாக்டர் வேறு இலக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நேரத்தை முதல் வாய் சோறு வைத்ததிலிருந்து எண்ண வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, நேரம், கிடைத்த எண், என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டு போங்கள். எழுத முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எந்தச் சாப்பாட்டுக்குச் சீனி ஏறுகிறது என்று அந்தக் கொப்பியைப் பார்த்தாலே தெரியும்.

எதைச் சாப்பிடலாம்?

முதலில் தேத்தண்ணியைப் பார்ப்போம். ஒரு கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி, நாளைக்கு 5 கோப்பை என்றால் 10 தேக்கரண்டி. ஏறக்குறைய 50 கிராம் சீனி! சீனி போடாமல் குடித்துப் பழகுங்கள். கருப்பட்டியும், கித்துள் பாணியும், தேனும் சீனியைப் போலத்தான்.

அடுத்தது தட்டு. பாதித் தட்டு கீரை, போஞ்சி, கோவா, லீக்ஸ் போன்ற மரக்கறி. கால் தட்டு பருப்பு, கடலை, முட்டை, மீன் அல்லது நெத்தலி. மீதிக் கால் தட்டு சோறு அல்லது ரொட்டி. சோறு, ரொட்டி, பாண், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே சாதி. ரொட்டிக்குக் கிழங்குக் கறி வைத்தால் ஒரே பொருளை இரண்டு முறை சாப்பிட்ட கணக்கு. ரொட்டிக்குப் பருப்பும் கீரையும் வைத்துப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிடாமல் மூன்று நேரச் சாப்பாடும், இடையில் இரண்டு மூன்று முறை சிறு தீனியுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிடாமல் பெரட்டுக்குப் போகாதீர்கள். பத்து மணித் தேத்தண்ணியோடு ஒரு பிடி அவித்த கடலை போதும். திரிபோஷா கிடைத்தால் எவ்வளவு, எப்படிச் சாப்பிடுவது என்று மருத்துவிச்சியிடம் கேளுங்கள். டாக்டர் தடுக்காவிட்டால் சாப்பிட்ட பின் 10, 15 நிமிடம் நடப்பது நல்லது.

இன்சுலின் போடச் சொன்னால்?

சாப்பாட்டிலும் நடையிலும் சீனி அடங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ கொடுப்பார்கள். இன்சுலின் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி போடுபவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் சீனி இறங்கியிருக்கலாம். உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மலைக்குப் போகும்போது கொஞ்சம் சீனியை முடிந்து கொண்டு போங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். பெரும்பாலும் பிரசவத்தோடு சீனி இறங்கிவிடும். ஆனால் பாடம் அதோடு முடியவில்லை. இந்தத் தாய்மாருக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சீனி வருத்தம் வரும் ஆபத்து அதிகம். ஆகவே 6 முதல் 12 கிழமைக்குள் மறுபடி சோதியுங்கள். அதில் சரியாக இருந்தாலும் மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது பாருங்கள். அடுத்த பிள்ளைக்கு முன்னும் பாருங்கள்.

மாமியார்மாருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. "ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்" என்று சோற்றை அள்ளி வைக்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு அகப்பை கீரையும் ஒரு முட்டையும் வையுங்கள். வீட்டில் எல்லாரும் சீனியில்லாத் தேத்தண்ணி குடித்தால் அவளும் குடிப்பாள்.