சூளை வாங்கும் முன் ஒரு கணக்கு



சுடுமண் நகைப் பயிற்சி எடுத்த குழுக்களில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி, "கரண்ட் சூளை வாங்கிடலாமா மேடம், லோன் கிடைக்குமா?" என்பதுதான். ஆசை நியாயமானது. ஆனால் தோடு விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் தவணை கட்டியாக வேண்டும்.

முதலில் நெருப்பு செய்யும் வேலையைத் தெரிந்துகொள்வோம். நிழலில் நன்றாகக் காய்ந்த மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத நீர் கட்டுண்டு இருக்கிறது. சுமார் 450 டிகிரிக்கு மேல்தான் அது பிரியத் தொடங்கும். நகைக்கு 800 முதல் 900 டிகிரி வரை சூடு கிடைத்தால் நல்ல உறுதி வரும். கேக் ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும், அதில் மண் காயுமே தவிர வேகாது. வெந்ததா என்று பார்க்க, ஒரு தோட்டை ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் சேறாக இளகினால் வேகவில்லை.

ஆரம்பத்தில் கடன் இல்லாத வழி, பக்கத்து ஊர் மண்பாண்டத் தொழிலாளியின் சூளை. அகலும் பொங்கல் பானையும் அடுக்கும்போது, நம் நகைகளை மூடி போட்ட சிறு பானையில் வைத்துக் கொடுத்தால் அதோடு வெந்துவிடும். சுடுகூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்க. அவர் தீ மூட்டும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

இன்னொன்று மரத்தூள். மர மில்லிலோ, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறையிலோ கேட்டுப் பாருங்க. ஓட்டை போட்ட தகர டின்னில் தூளும் நகையுமாக அடுக்கி மேலே பற்றவைத்தால் மெதுவாகக் கனன்று இறங்கும். புகையில் நகை கருப்பாகும். அதை விரும்பி வாங்குபவர்களும் உண்டு. ஆனால் சூடு குறைவு, மெல்லிய ஜிமிக்கி உடையும்.

இந்த இரண்டிலும் மூன்று மாதம் சுட்டு, மாதம் எத்தனை முறை சுட்டோம் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரு பேச்சுக்கு, தவணை 1,500 ரூபாய் என்று வைப்போம். மாதம் 3 முறை சுட்டால் ஒரு சூட்டுக்குத் தவணை மட்டும் 500 ரூபாய். 15 முறை சுட்டால் 100 ரூபாய். ஒரு குழுவால் 15 முறை முடியாது என்றால், மூன்று நான்கு குழுக்கள் சேர்ந்து ஒரே சூளை வாங்கலாம். யார் வீட்டில் வைப்பது, ஒரு சூட்டுக்கு எவ்வளவு, ரிப்பேர் யார் பொறுப்பு, மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். பிறகு பேசிக்கலாம் என்று விட்டால் சண்டைதான்.

கரண்ட் சூளை என்றால் 2 கிலோவாட் சிறு சூளையே போதும். கம்பி தொடர்ந்து எரிந்தாலும் மணிக்கு 2 யூனிட், 5 மணி நேரத்துக்கு 10 யூனிட். இது 9 ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. 15 ஆம்பியர் பிளக், தனி ஒயர், எர்த் அவசியம். வீட்டு இணைப்பில் ஓட்டலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேளுங்கள்.

பெரிய சூளையைத் தள்ளிவிடத்தான் கடைக்காரர் பார்ப்பார். நீங்க உள் அளவையும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியையும் பாருங்க. விலை குறைகிறதே என்று கருவி இல்லாததை வாங்காதீர்கள். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் சிலர் வெள்ளிக் களிமண் பற்றியும் கேட்கிறார்கள். 1990களில் ஜப்பானிலிருந்து பரவிய இதைச் சுட்டால் களிம்பு எரிந்து வெள்ளி மட்டும் நிற்கும். ஆனால் வெள்ளி சுமார் 960 டிகிரியில் உருகிவிடும், கருவி இல்லாவிட்டால் முதலே போச்சு. களிமண்ணும் விலை அதிகம், இப்போதைக்கு நமக்கு வேண்டாம்.

முழுப் பணத்தையும் உடனே கொடுத்துவிடாதீர்கள். நம்ம மண்ணில் செய்த பத்து ஜோடித் தோட்டை எடுத்துப்போய், கடைக்காரர் முன்னாலேயே ஒரு முறை சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். முன்னதாகத் தோட்டைக் கன்னத்தில் வைத்துப் பாருங்க. சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம், சூளையில் வெடிக்கும், பிறகு சூளைமேல் குறை சொல்ல முடியாது. கொக்கியும் கம்பியும் சுட்ட பிறகு மாட்டினால் போதும்.