இறைச்சிக்கோழிக்குப் புளிக்கவைத்த புண்ணாக்கு

அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் தம் வளவில் ஐம்பது, நூறு என இறைச்சிக்கோழி வளர்ப்பதுண்டு. இத்தொழிலின் செலவில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை தீனுக்கே செல்கின்றது. தீனில் விலை கூடிய பகுதி புரதமாகும். அதனைத் தரும் சோயாப் புண்ணாக்கு பெரும்பாலும் பிறநாடுகளிலிருந்தே வருகின்றது. 2021 ஆம் ஆண்டின் இரசாயன உரத்தடையால் சோள விளைச்சல் குன்றியது. 2022 இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் தீன் இறக்குமதியும் இடருற்றது. பல கோழிப்பண்ணைகள் மூடப்பட்டன. கடனுக்குக் குஞ்சு வாங்கியவர் இடைநடுவில் தீனின்றித் தவிப்பதிலும் பெரிய நட்டம் வேறில்லை. ஆதலால், தீனில் ஒரு சிறு பங்கையேனும் உள்ளூர்ப் பொருளால் ஈடுசெய்யும் முறையை அறிதல் நன்று.

புளித்தலின் பயன்

தேங்காய்ப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு புரதம் உண்டு. எனினும் அதில் நார் மிகுதி. லைசீன் என்னும் அமினோவமிலம் குறைவு. தோசை மா ஓர் இரவிற் புளிப்பதை யாவரும் அறிவர். அவ்வாறே புண்ணாக்கும் புளிக்கும்போது, நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கிக் கேடு செய்யும் கிருமிகளை அடக்குகின்றன. பொசுபரசைக் கட்டிவைத்திருக்கும் பொருளையும் ஓரளவு சிதைக்கின்றன. ஆயினும் புளித்தல் லைசீன் குறைவை நீக்கமாட்டாது. அதற்காகவே சோயாப் புண்ணாக்கையும் கலக்கின்றோம்.

செய்யும் முறை

1. பூஞ்சணம் பிடியாத தேங்காய்ப் புண்ணாக்குத் தூள் 7½ கிலோவும் சோயாப் புண்ணாக்கு 2½ கிலோவும் எடுத்து நன்கு கலக்குக. இக்கலவையில் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பங்கு புரதம் இருக்கும். பச்சைச் சோயா அவரையை அப்படியே சேர்த்தலாகாது. அதில் புரதச் சீரணத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. வறுத்தோ அவித்தோ சேர்க்கலாம்.

2. 6 லீற்றர் சுத்தமான நீரில் 200 கிராம் தயிரும் 200 கிராம் சீனியும் கரைத்துச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைக. பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், நீர் வடிதலாகாது.

3. ஒரு நாளைக்கு வேண்டிய அளவைத் தனித்தனியாகத் தடித்த பொலித்தீன் பைகளில் அழுத்தி நிரப்பி, காற்றை அகற்றி, இறுகக் கட்டி நிழலில் வைக்குக. பை உப்பினால் வாயுவை வெளியேற்றி உடனே கட்டுக.

4. மூன்று நாட்களில் இனிய புளிப்பு மணம் வீசும். அதன்பின் கொடுக்கலாம்.

எச்சரிக்கை

கெட்ட நாற்றம் வீசினும், பச்சை, கறுப்புப் பூஞ்சணம் காணினும் பை முழுவதையும் புதைத்துவிடுக. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நூறாயிரத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளடொக்சின் என்னும் நஞ்சே காரணமென்று பின்னர்க் கண்டறியப்பட்டது. இந்நஞ்சு சமைத்தாலும் முற்றாக அழியாது. புளிக்கவைப்பதாலும் நீங்கிவிடுமென்று நம்பலாகாது. கெட்ட புண்ணாக்கைத் திருத்துவதற்கு இம்முறை ஏற்றதன்று.

கொடுக்கும் அளவு

மூன்று வாரம் நிறையாத குஞ்சுகளுக்கு இதனைக் கொடாதீர்கள். அதன்பின், 9 கிலோ வாங்கிய தீனுடன் 1600 கிராம் ஈரக்கலவையைச் சேர்க்கலாம். இது உலர்ந்த புண்ணாக்கு 1 கிலோவுக்குச் சமம். முதல் மூன்று நாளும் இதன் அரைப்பங்கு போதும். மேற்கூறிய 10 கிலோ புண்ணாக்கு நூறு கோழிகளுக்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்குக் காணும். கலந்த தீனை அன்றே உண்ணச் செய்து, மிச்சத்தை அகற்றித் தொட்டியைக் கழுவுக.

முதலிற் சோதனை

எல்லாக் கோழிகளுக்கும் ஒரேயடியாகக் கொடுத்தல் தகாது. ஒரே வயதுள்ள இருபது கோழிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான தீனையும் மறு பகுதிக்குக் கலந்த தீனையும் கொடுக்குக. வாரந்தோறும் கோழிகளை நிறுத்து, உண்ட தீனின் விலையையும் கூடிய நிறையையும் எழுதிவைக்குக. ஒரு கிலோ நிறை கூடுவதற்கு ஆன செலவு குறைந்தாலன்றி இம்முறையைத் தொடரவேண்டாம். தீன் மலிந்த காலத்தில் இலாபம் சிறிதாயிருக்கலாம். ஆயினும் தீன் தட்டுப்படும் காலத்தில் இப்பயிற்சி கைகொடுக்கும். கோழிக்கூட்டின் எருவை நன்கு மக்கவைத்து மரக்கறிப் பாத்திக்கு இட்டால், தீனுக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கு மண்ணுக்கும் பயனாகும்.