புயற்காலக் காப்புக் கதவு: விவசாயிகள் தாமே அமைத்துக்கொள்ளும் முறை

சோழமண்டலக் கரையோரத்து விவசாயிகளுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாதங்கள் மழையோடு புயலையும் கொண்டுவருவன. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலும், 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலும் விளைவித்த சேதம் யாவரும் அறிந்ததே. சாய்ந்த தென்னையையும் பலாவையும் நிமிர்த்த நம்மால் இயலாது. ஆனால் குறுவையில் கண்ட நெல்லும், விதையும், வீட்டாரும் தங்கியிருக்கும் கூரையைக் காப்பாற்றுவதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. அது வாசலுக்கு வெளிப்புறமாக இரண்டாவது கதவொன்றைப் பொருத்துவதாகும்.

கதவுக்கும் கூரைக்கும் உள்ள தொடர்பு:- கூரையின் மீது வீசும் காற்று அதனை அழுத்துவதில்லை. பெரும்பாலும் மேல்நோக்கி உறிஞ்சி இழுக்கிறது. காற்றை எதிர்நோக்கிய கதவு திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளுகிறது. மேலிருந்து இழுப்பதும் கீழிருந்து தள்ளுவதும் ஒன்று சேரும்போது ஓடும் தகடும் நிற்பதில்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தை உண்டாக்கும். ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கதவின் மேல் இது 135 கிலோவுக்கு மேலாகும். நமது வீட்டுக் கதவுகள் உட்புறமாகத் திறப்பவை. ஆகையால் இவ்வளவு பாரத்தையும் ஒரு தாழ்ப்பாளும் சில திருகாணிகளுமே தாங்கவேண்டியிருக்கிறது. வெளிப்புறமாகத் திறக்கும் கதவையோ காற்றே நிலையின் மேல் அழுத்தி மூடிவைக்கும்.

நிலையைச் சோதித்தல்:- முதலில் நிலைக்கால்களைக் கையால் பலமாக அசைத்துப் பார்க்கவேண்டும். அசையுமாயின் பிடிப்பு இரும்புகளைச் சுவரில் செலுத்தி, சிமெண்டுச் சாந்து இட்டு இறுகச் செய்த பின்னரே மேல்வேலையைத் தொடங்கலாம். உளுத்த நிலையில் எவ்வளவு நல்ல கதவைப் பொருத்தினாலும் பயனில்லை. கால்கள் நேராக நிற்கின்றனவா என்பதைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக்கொள்க.

அளவும் மரமும்:- வாசலின் அகலத்தை மேல், நடு, கீழ் ஆகிய மூன்றிடங்களிலும் அளக்கவேண்டும். கதவு, வாசலைவிட இரு பக்கமும் மேற்புறமும் 2 அங்குலம் கூடுதலாக இருந்து, நிலையின் வெளிமுகத்தின் மேல் படியவேண்டும். கீழே படிக்கு மேல் அரை அங்குலம் இடைவெளி போதும். நன்கு உலர்ந்த வேம்பு, பூவரசு அல்லது தேக்குப் பலகை, ஒன்றேகால் அங்குலக் கனத்தில் ஏற்றது. பச்சை மரம் கோடையில் முறுக்கிக்கொள்ளும்.

பலகை சேர்த்தல்:- பலகைகளை நெருக்கமாக நிறுத்தி, உட்புறத்தில் மேல், நடு, கீழ் என மூன்று குறுக்குச் சட்டங்களைத் திருகாணியால் பிணைக்கவேண்டும். இச்சட்டங்கள் வாசலின் மிகக் குறைந்த அகலத்தைவிட இரு பக்கமும் கால் அங்குலம் குறைவாக இருந்தால்தான் நிலைக்குள் தட்டாமல் அடங்கும். பின்னர்க் கீல் இருக்கும் பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் மேல்மூலையை நோக்கி ஒரு சாய்வுச் சட்டம் வைக்கவேண்டும். இதனை மாற்றி வைத்தால் கதவு நாளடைவில் தொய்ந்துவிடும். உட்கதவின் கொண்டியும் நாதாங்கியும் புதிய சட்டங்களில் இடிக்கின்றனவா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளவேண்டும்.

கீலும் தாழும்:- நீண்ட பட்டைக் கீல்கள் மூன்று தேவை. கடற்காற்றில் வெறும் இரும்பு விரைவில் துருப்பிடிக்குமாதலால் துத்தநாகம் பூசியவற்றையே வாங்குக. குறுக்குச் சட்டங்கள் உள்ள இடத்தில் கீலை வைத்து, மரையாணியை ஊடுருவச் செலுத்தி உட்புறம் மரையை முடுக்கவேண்டும். கதவைத் தொங்கவிடும்போது கீழே அரை அங்குலக் கட்டைகளைக் கொடுத்து, ஒருவர் பிடிக்க மற்றவர் ஆணி முடுக்குவது எளிது. உட்பக்கத்தில் மேலும் கீழும் ஒவ்வொரு தாழ் அமைத்து, ஒன்று மேல்நிலையிலும் மற்றொன்று படியிலும் ஓரங்குல ஆழமேனும் இறங்கும்படி துளையிடுக. நீளமான கதவு நடுவில் வளையுமாதலால் நிலைக்காலில் இறங்கும் மூன்றாவது தாழ் ஒன்றும் அவசியம். இறுதியில் பலகைகளின் வெட்டுமுனைகள் உட்பட எங்கும் இரு முறை வர்ணம் பூசவேண்டும்.

புயலன்று செய்யத்தக்கது:- காற்று வெளியேறட்டும் என்று எதிர்ப்புறக் கதவைச் சிலர் திறந்துவைப்பதுண்டு. இது தவறு. மேற்கு நோக்கி வரும் புயலின் நேர்வழியில் உள்ள ஊரில் முதலில் வடக்கிலிருந்து வீசும் காற்று, நடுவில் சிறிது ஓய்ந்து, பின்னர் தெற்கிலிருந்து அதே வேகத்துடன் அடிக்கும். முன்பு மறைவாயிருந்த கதவே அப்போது காற்றை எதிர்கொள்ளும். ஆகவே எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் மூடியே வைக்கவேண்டும். ஓய்வைக் கண்டு புயல் கடந்துவிட்டதென நினைத்து வெளியே செல்வது உயிருக்கே ஆபத்தாக முடியும். வீட்டில் ஆட்கள் இருக்கையில் காப்புக் கதவை ஒருபோதும் வெளியிலிருந்து பூட்டலாகாது.

இக்கதவு காற்றைத் தடுக்குமேயன்றிக் கடல் நீரைத் தடுக்காது. கீற்றுக் கூரையையும் மண்சுவரையும் கதவு காவாது. அத்தகைய வீடுகளில் உள்ளோரும், கடல் நீர் ஏறக்கூடிய இடங்களில் உள்ளோரும் அறிவிப்பு வந்தவுடன் புயல் பாதுகாப்பு மையத்துக்குச் செல்லவேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதனை முன்கூட்டியே ஊரார்க்கு எடுத்துரைப்பதோடு, பொதுக் கட்டடங்களின் கதவுகளையும் பார்வையிடுதல் நலம்.

தச்சு வேலையில் சிறிது பழக்கமுள்ள இருவர் இவ்வேலையை இரண்டு மூன்று நாட்களில் முடித்துவிடலாம். ஆவணியிலேயே மரம் வாங்கிப் புரட்டாசிக்குள் கதவைப் பொருத்திவிடுதல் உத்தமம். புயல் அறிவிப்பு வந்தபின் தச்சரும் கிடைக்கமாட்டார், வர்ணமும் உலராது.