ஏழு கையெழுத்துகள், ஒரே குரல்

அன்பு மகளுக்கு,

உன் மடல் கிடைத்தது. ஞாயிறு திருப்பலியில் ஆயர்களின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டபோது, "சாமியார்களுக்கு அரசியல் எதற்கு?" என்று சிலர் முணுமுணுத்ததாக எழுதியிருந்தாய். இளையோர் கூட்டத்திலும் அதே கேள்வி எழுந்ததாம், யாரிடமும் பதில் இல்லையாம். ஆயர்கள் நாட்டைப் பற்றி எப்போது பேச வேண்டும், யாருக்காகப் பேச வேண்டும், அந்தப் பேச்சுக்கு எடை எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் எனக்கு விளங்கவைத்தது, மலாவி நாட்டு ஆயர்கள் 1992-இல் எழுதிய ஒரு தவக்கால மடல். அதைப் பற்றியே உனக்கு எழுதுகிறேன்.

மலாவி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சிறிய, ஏழை நாடு. 1964-இல் விடுதலை பெற்றது. ஹேஸ்டிங்ஸ் கமுசு பாண்டா தலைவரானார். 1966-இல் ஒரு கட்சிக்கு மட்டுமே இடம் என்று சட்டமானது. 1971-இல் அவர் ஆயுட்கால அதிபர் ஆனார். கட்சி அட்டை கையில் இல்லாவிட்டால் சந்தைக்குள் விடமாட்டார்கள், பேருந்திலும் ஏற்றமாட்டார்கள். அந்த அட்டையை வாங்க மறுத்த யெகோவா சாட்சிகள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டே விரட்டப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உளவாளியாக இருப்பாரோ என்ற பயத்தில் மக்கள் வீட்டுக்குள்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்த ஆண்டுகளில் திருச்சபைகளும் பெரும்பாலும் வாய்மூடியே இருந்தன. பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தின, அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளவே மௌனம் காத்தன. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்னால் வந்த துணிவின் அளவு அப்போதுதான் தெரியும்.

1992 மார்ச் 8, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று நாடெங்கும் கத்தோலிக்கப் பங்குகளில் மறையுரைக்குப் பதிலாக ஒரு மேய்ப்புப்பணி மடல் வாசிக்கப்பட்டது. 'நம் நம்பிக்கையை வாழ்தல்' என்பது அதன் தலைப்பு. ரகசியமாக அச்சிட்ட 16,000 படிகள் முன்கூட்டியே பங்குகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரே நாளில் எல்லா இடங்களிலும் வாசித்ததால், ஓர் ஊரில் தடுத்தால் அடுத்த ஊரில் நின்றுவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

மடலில் என்ன இருந்தது? மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர், அவருக்கு மாண்பு உண்டு என்று மறைக்கல்வியில் நீ படித்த பாடத்தில்தான் அது தொடங்கியது. அங்கிருந்து நேரே ஊருக்குள் இறங்கியது. பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான பள்ளம் பெருகுகிறது, கூலி வயிற்றுக்குக்கூடப் போதவில்லை என்றது. வகுப்பறைகள் நிரம்பி வழிகின்றன, ஆசிரியர்கள் போதவில்லை, மருத்துவமனைகளில் ஆளும் இல்லை மருந்தும் இல்லை என்றது. லஞ்சத்தையும் உறவினருக்குச் சலுகை காட்டுவதையும் பெயர் சொல்லிக் கண்டித்தது. மனதில் பட்டதைச் சொல்பவர் தண்டிக்கப்படுகிறார், சுதந்திரமான நீதிமன்றமும் பத்திரிகையும் வேண்டும் என்றது. விவிலியத்தோடு சேவா மொழிப் பழமொழிகளும் அதில் இடம்பெற்றன. ஒற்றைத் தலை கூரையைச் சுமக்காது என்பது அவற்றில் ஒன்று. அந்நாட்டுக் கிராமங்களில் கூரையின் சட்டத்தைத் தரையில் கட்டி, பலர் சேர்ந்து தலையில் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரின்மேல் ஏற்றுவார்கள். ஆயுட்கால அதிபர் ஆளும் நாட்டில் அந்தப் பழமொழி எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நீயே எண்ணிப்பார்.

அரசு உடனே பாய்ந்தது. ஆயர்கள் பிளாண்டயர் நகரில் காவல்துறையிடம் அழைக்கப்பட்டு மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டார்கள். மடல் தேசத்துரோக ஆவணம் என அறிவிக்கப்பட்டது, கையில் வைத்திருப்பதே குற்றமாயிற்று. ஆயர்களைக் கொன்றுவிட வேண்டும் என்றே கட்சிக் கூட்டத்தில் பேசினார்கள். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு வெளியே கசிந்து உலகத்துக்கே தெரிந்தது. மடலை அச்சிட்ட பாலாக்கா அச்சகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான அயர்லாந்துக்காரர் ஜான் ரோச் நாடு கடத்தப்பட்டார். ஆனாலும் மடல் நிற்கவில்லை. படியெடுத்தும் தொலைநகலில் அனுப்பியும் மக்களே அதைப் பரப்பினார்கள். சோம்பாவில் பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பிரஸ்பிட்டேரியன் சபையாரும் முஸ்லிம் சங்கத்தாரும் வழக்கறிஞர்களும் பின்னர் ஒரே குழுவாக அரசோடு பேச உட்கார்ந்தார்கள். வெளிநாடுகள் உதவியை நிறுத்திவைத்தன. 1993 ஜூன் 14-இல் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பலகட்சி முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1994 தேர்தலில் பாண்டா தோற்றார், பகிலி முலுசி அதிபரானார்.

ஒரு மடல்தான் ஆட்சியை மாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். வறட்சி, வேலைநிறுத்தங்கள், பனிப்போர் முடிந்த உலகச் சூழல் எல்லாம் சேர்ந்தே அது நடந்தது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் வெளியே சொல்லாத உண்மையை முதலில் உரக்கச் சொன்னது அந்த மடல். அதற்கு அத்தனை வலு வந்ததன் காரணங்களை நீ கவனிக்க வேண்டும்.

முதலாவது, அது தனி ஒருவரின் குரல் அல்ல. அன்று மலாவியில் இருந்த ஏழு மறைமாவட்டங்களின் பொறுப்பாளர்கள் ஏழு பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆயர் பேரவை என்ற அமைப்பு எதற்கு என்பது இங்கே புரியும். ஓர் ஆயர் தம் மறைமாவட்டத்துக்குத் தாமே பொறுப்பு. பேரவை அவருக்கு மேலதிகாரி அல்ல. ஆனால் ஒரு நாட்டின் மக்களுக்குப் பொதுவான தேவைகள் இருப்பதால், அந்நாட்டு ஆயர்கள் கூடி ஆலோசித்துச் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வகுத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதை விதியாக்கியது. பேரவையின் பெயரில் கோட்பாட்டு அறிக்கை வெளியாக வேண்டுமானால் எல்லா ஆயர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவும் உரோமையின் ஒப்புதலும் வேண்டும் என்று 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நிர்ணயித்தார். பலர் விவாதித்து, அவரவர் பிடிவாதத்தை விட்டு, ஒரே வாசகத்துக்கு வந்து சேர்வது எளிதல்ல. அந்தச் சிரமம்தான் பேரவையின் சொல்லுக்கு மதிப்பைத் தருகிறது.

இரண்டாவது, மடல் கட்சி அரசியல் பேசவில்லை. யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, பலகட்சி முறை வேண்டும் என்றுகூட நேரடியாகக் கேட்கவில்லை. கூலியையும் பள்ளியையும் மருந்தையும் அச்சத்தையும் பற்றிப் பேசியது. இவை நற்செய்திக்குப் புறம்பானவை என்றால், பசித்தவருக்கு உணவு கொடு என்ற ஆண்டவரின் சொல்லையும் நாம் விலக்கிவைக்க வேண்டியிருக்கும். திட்டம் தீட்டுவது, சட்டம் இயற்றுவது, தேர்தலில் நிற்பது எல்லாம் உன்னைப் போன்ற பொதுநிலையினரின் வேலை. அந்த வேலையில் மனித மாண்பு மிதிபடும்போது தடுத்துப் பேசுவது ஆயரின் கடமை.

மூன்றாவது, ஆட்சி மாறிய பிறகும் அந்தக் குரல் அடங்கவில்லை. ஆயர்களின் மடல் திறந்துவிட்ட வழியில் பதவிக்கு வந்த முலுசி, அதிபர் பதவிக்கான கால வரம்பைத் தளர்த்தப் பார்த்தபோது, அந்நாட்டு ஆயர்கள் மற்றச் சபையாரோடு சேர்ந்து அவரையும் எதிர்த்தார்கள். 2002-இல் அந்தத் திருத்தம் நாடாளுமன்றத்தில் மூன்றே வாக்குகளில் தோற்றது. நமக்கு வேண்டியவர் ஆட்சியில் இருக்கும்போது பேசுவதே ஆயருக்குப் பெரிய சோதனை. அங்கே மௌனமானால், முன்பு பேசியதும் கட்சிப் பேச்சாகவே எண்ணப்படும்.

நம் நாட்டுக்கும் இந்தப் பாடம் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 1944-இல் நம் சென்னையில்தான் உருவெடுத்தது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்காததை எதிர்த்து அது நெடுங்காலமாகப் போராடி வருகிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கிடைத்த உரிமை இவர்களுக்கு இல்லை என்பது நியாயமான முறையீடு. ஆனால் தனிக் கல்லறைத் தோட்டமும் தேர்த்திருவிழாவில் ஒதுக்கிவைப்பதும் நம் பங்குகளில் இருக்கும்வரை, அரசிடம் நீதி கேட்கும் குரல் பாதி வழியிலேயே கம்மிவிடும். 2016 டிசம்பரில் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. வெளியே பேசும் சொல்லுக்கு உள்ளே நடக்கும் வாழ்வு சாட்சி சொல்ல வேண்டும் என்பதை ஆயர்களே அப்படி ஏற்றுக்கொண்டார்கள். ஏட்டில் உள்ள அந்தக் கொள்கை ஒவ்வொரு பங்கிலும் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

இனி உன் பங்கைச் சொல்கிறேன். ஆயர்களின் குரல் மேலிருந்து விழுவதாக நினைக்காதே. திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையும், சில வேளைகளில் கடமையும்கூட, விசுவாசிகளுக்கு உண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 212-ஆம் விதி சொல்கிறது. பெரும்பாலோர் அதைப் படித்ததே இல்லை. உங்கள் ஊரில் கூலி மறுக்கப்படுபவர், பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைகள், கல்லறையில்கூட ஒதுக்கப்படும் குடும்பங்கள் எல்லாம் யார் யார் என்று உங்கள் இளையோர் குழு போய்ப் பார்க்கட்டும். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள், எல்லோரும் கையெழுத்திட்டு உங்கள் ஆயருக்கு அனுப்புங்கள். பதில் வரத் தாமதமானால் நேரில் போய்ப் பேசுங்கள். மக்களின் பாடு ஆயர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த மடலில் உண்மை இருக்கும்.

அன்புடன்,
உன் பெரியப்பா