மாத்திரை முடிந்தும் விடாத லைம் நோய்

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு லைம் நோய் வந்தது. மூன்று கிழமை மாத்திரை எடுத்தார். எட்டு மாதமாகியும் களைப்பும் முழங்கால் வலியும் ஞாபக மறதியும் விட்டபாடில்லை. இதற்குப் புதிய வைத்தியம் ஏதும் வந்திருக்கிறதா? எங்கள் ஊர் மாட்டுண்ணியாலும் இந்த நோய் வருமா?
– வாசகர், கிளிவெட்டி

பதில்: லைம் நோய் உண்ணிக் கடியால் வருவது. திருகாணி போலச் சுருண்ட பொரேலியா என்ற பக்ரீரியா இதற்குக் காரணம். அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பிள்ளைகள் பலருக்கு ஒரே காலத்தில் மூட்டு வீங்கியது. தாய்மார் இருவர் சுகாதாரத் திணைக்களத்திடம் விடாமல் முறையிட்ட பின்னரே, 1975இல் யேல் பல்கலைக்கழகத்தின் அலன் ஸ்டியர் அதை ஆராயத் தொடங்கினார். உண்ணியின் குடலுக்குள் இருந்த கிருமியை வில்லி பேர்க்டோர்ஃபர் கண்டுபிடித்து 1982இல் வெளியிட்டார். கிருமியின் முழுப்பெயரிலும் அவர் பெயர் சேர்ந்தது.

கனடாவில் 2009இல் பதிவானவை 144 நோயாளர்கள் மட்டுமே. 2021இல் அந்த எண்ணிக்கை 3,000ஐத் தாண்டியது. குளிர்காலம் தணியத் தணிய, இந்நோயைக் கடத்தும் கருங்கால் உண்ணி வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் பூங்காவில் அது நிலைகொண்டுவிட்டது. பின்னேரங்களில் நம்மவர்கள் நடக்கப் போகும் அதே புல்லோரப் பாதைகள்தான் அதன் இடம்.

நோயை உரிய காலத்தில் பிடித்தால் வைத்தியம் எளிது. டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு இரண்டு, 10 முதல் 14 நாள். மூட்டு வீங்கியிருந்தால் 28 நாள். நரம்பையோ இதயத்தையோ கடுமையாகத் தாக்கியிருந்தால் செஃப்ட்ரியாக்சோன் ஊசி மருந்து நாளத்தின் வழியே ஏற்றப்படும். பெரும்பாலானோர் இதனுடன் தேறிவிடுகிறார்கள். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், நூற்றுக்கு 5 முதல் 20 பேருக்கு ஆறு மாதம் கடந்தும் களைப்பு, உடல்நோவு, நினைவுத் தடுமாற்றம் தொடர்கின்றன. இவர்களைச் சோதித்தால் இரத்தமும் ஸ்கானும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதைக் காட்டி ‘எல்லாம் மனப்பிரமை’ என்று அனுப்பிவிடுவது பெரும் அநியாயம். உபாதை உண்மையானது, அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஆய்வாளர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

முதல் சந்தேகம், மருந்துக்குத் தப்பிய கிருமி உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது. சோதனைக் குழாயில் டொக்சிசைக்கிளினுக்குச் சாகாத பொரேலியாக்கள் ஒரு சிறு கூட்டமாக உறங்கு நிலையில் எஞ்சுவதை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் யிங் சாங், நோர்த்ஈஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தின் கிம் லூயிஸ் ஆகியோரின் குழுக்கள் காட்டியுள்ளன. சிகிச்சை பெற்ற குரங்குகளிலும் கிருமியின் தடயம் கிடைத்தது. மனிதரிலும் அப்படித்தானா? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆட்ரியானா மார்க்கஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு விசித்திரமானது. நோயற்ற உண்ணிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அவற்றை 36 பேர்மீது கடிக்கவிட்டு, அந்த உண்ணிகளுக்குள் கிருமி ஏறியிருக்கிறதா என்று தேடினார்கள். சிகிச்சை முடிந்தும் உபாதை நீடித்தவர்களில் ஒருவரைக் கடித்த உண்ணியில் மட்டும் கிருமியின் டிஎன்ஏ தென்பட்டது. உயிருள்ள கிருமி கிடைக்கவில்லை.

இரண்டாவது விளக்கம், கிருமி செத்தாலும் அதன் ஓடு உடலில் தங்கிவிடுகிறது என்பது. வேறு பல பக்ரீரியாக்கள் தம் சுவரின் துண்டுகளைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். பொரேலியாவுக்கு அந்த வழி இல்லை. வளரும்போதே சுவர்த் துண்டுகளை வெளியே உதிர்த்துக்கொண்டிருக்கும். சிகிச்சை பெற்ற பின்னும் லைம் மூட்டுவாதத்தில் வருந்தியவர்களின் முழங்கால் நீரில் அந்தத் துண்டுகள் இருந்ததை ஆய்வாளர் பிரண்டன் ஜூட்ராஸின் குழு 2019இல் கண்டது. உடலின் எதிர்ப்புச் சக்தி, போன எதிரியின் சட்டையைப் பார்த்துத் தொடர்ந்து போரிடுகிறது என்பதே இதன் பொருள். அப்படியானால் மேலும் மேலும் கிருமிகொல்லி கொடுப்பது வீண். அழற்சியைத்தான் அடக்க வேண்டும். மூட்டைப் பொறுத்தவரை இது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. கிருமிகொல்லி முழுமையாகக் கொடுத்தும் முழங்கால் வீக்கம் வற்றாதவர்களுக்கு, வாதநோய்க்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். பலருக்குக் குணம் தெரிகிறது. கேள்வியில் சொல்லப்பட்ட முழங்கால் வலியுடன் வீக்கமும் இருக்குமானால், வாதநோய் நிபுணரிடம் காட்டுவதே முதல் வேலை.

களைப்பும் மறதியும் மூட்டைப்போல் எளிதில் பிடிபடுவதில்லை. நீண்ட கால கொவிட் நோயாளரிடம் காணப்படுவதை அவை பெரிதும் ஒத்திருக்கின்றன. தொற்று நரம்பு மண்டலத்தையும் எதிர்ப்புச் சக்தியையும் தடம் புரளச் செய்துவிட்டதா என்பது இரண்டு நோய்க்கும் பொதுவான ஆராய்ச்சியாகிவிட்டது.

மருந்தை மாதக்கணக்கில் நீட்டினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். இந்த ஒரு கேள்விதான் மிகக் கவனமாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2001இல் வெளியான ஆய்வில் 129 பேரில் ஒரு பாதிக்கு 30 நாள் செஃப்ட்ரியாக்சோன், அதன்மேல் 60 நாள் டொக்சிசைக்கிளின். மறுபாதிக்கு மருந்தில்லாத போலி ஊசியும் குளிசையும். இரு பகுதியாரும் ஒரே அளவில்தான் தேறினார்கள். 2003இல் வெளியான ஆய்வில் 28 நாள் ஊசி மருந்து களைப்பை ஓரளவு குறைத்தது. ஆனால் சிந்தனை வேகம் மாறவில்லை, பக்க விளைவுகள் பயனை விழுங்கின. 2008இல் 37 பேரை வைத்துச் செய்த ஆய்வில் பத்துக் கிழமை ஊசியால் நினைவாற்றல் சற்றுத் தேறி, 24ஆம் கிழமைக்குள் பழைய நிலைக்கே திரும்பியது. 2016இல் நெதர்லாந்தில் 280 பேருக்கு முதலில் இரண்டு கிழமை செஃப்ட்ரியாக்சோன் கொடுத்து, பிறகு பன்னிரண்டு கிழமை மருந்தோ போலிக் குளிசையோ கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் சில தனியார் சிகிச்சை நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் ஊசி ஏற்றிப் பெரும் பணம் வாங்குகின்றன. நாளத்தில் மாதக்கணக்கில் குழாய் கிடந்தால் அதன் வழியே இரத்தத்தில் வேறு கிருமி புகும். அப்படி உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன ஐந்து நோயாளரின் கதையை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017இல் வெளியிட்டது. வலியில் இருப்பவர் எந்தக் கதவையும் தட்டுவார் என்பது உண்மை. அதனாலேயே இந்தச் செய்தி அவர் காதில் விழ வேண்டும்: பழைய மருந்தை நீட்டுவது பலன் தரவில்லை.

ஆகவே ஆய்வு இப்போது வேறு மருந்துகளைத் தேடுகிறது. இவற்றில் ஹைக்ரோமைசின் ஏ நம்பிக்கை தருகிறது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1953இல் பிரித்தெடுத்த பொருள் இது. சாதாரண பக்ரீரியாக்களை அவ்வளவாகக் கொல்லாததால் தேவையற்றதென்று அலமாரியில் போய்விட்டது. கிம் லூயிஸின் குழு அதைத் தூசி தட்டி எடுத்தபோது, பொரேலியா மட்டும் அதை ஆவலுடன் உள்ளே இழுத்துக்கொள்வதைக் கண்டது. தன் உணவுக்காக வைத்திருக்கும் வாசல் வழியாகவே கிருமி நஞ்சை உள்ளே விடுகிறது. எலிகளில் தொற்று நீங்கியது. குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களும் பெரும்பாலும் தப்பின. இது 2021இல் வெளியானது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெயக்குமார் ராஜதாஸின் ஆய்வுக்கூடம் பழைய மருந்துகள் பலவற்றைச் சல்லடை போட்டு, உறங்கும் பொரேலியாவையும் கொல்லும் அஸ்லோசிலினை 2020இல் முன்வைத்தது. ஜூட்ராஸின் குழு 2025இல் பிப்பரசிலினை எலிகளில் சோதித்தது. டொக்சிசைக்கிளினுக்குத் தேவைப்பட்டதில் நூறில் ஒரு பங்கு அளவிலேயே அது தொற்றை நீக்கியது. பிப்பரசிலின் ஏற்கெனவே வைத்தியசாலைகளில் வேறு நோய்களுக்குப் பயன்படுவது என்பதால், மனிதரில் அதன் பாதுகாப்பை முதலிலிருந்து நிறுவ வேண்டியதில்லை.

இம்மூன்றும் எலியிலும் குழாயிலும் கண்ட வெற்றிகள். தொற்றைத் தொடக்கத்திலேயே சுத்தமாகத் துடைத்து, நீடித்த உபாதை வராமல் தடுக்க இவை உதவலாம். எட்டு மாதமாக வருந்துபவருக்கு இன்று மருந்துக்கடையில் வாங்கக்கூடிய புதிய குளிசை இல்லை. அவருக்குச் செய்யக்கூடியது, களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது: தைரொயிட், இரத்தசோகை, நீரிழிவு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு. பிறகு உடல் தாங்கும் அளவு பார்த்து வேலையையும் நடையையும் மெல்லக் கூட்டுவது. பலருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே தணிகிறது.

தமிழர் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு வட்டமே இந்நோயின் முதல் அடையாளம். மருத்துவப் புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறத்திலும் கருந்தோலிலும் அது அவ்வளவாகச் சிவக்காமல் இருக்கலாம். கன்றிப்போன கருநீலத் திட்டாகவோ மங்கிய பழுப்பாகவோ தெரியலாம், அடிபட்ட காயமென்று விட்டுவிடுவார்கள். இளம் உண்ணி எள்ளைவிடச் சிறியதாகவே இருக்கும், கடிப்பதும் வலிக்காது. முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி இருக்கும் இடம் ஆகியவற்றை வீடு வந்ததும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி இருந்தால் மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மாட்டுக்குச் செய்வதுபோல் மண்ணெண்ணெய் பூசுவதோ நெருப்பு வைப்பதோ கூடாது. கருங்கால் உண்ணி கிருமியைக் கடத்த பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் அன்றன்று எடுப்பதே பெரும் பாதுகாப்பு. நீண்ட நேரம் ஒட்டியிருந்ததாகத் தெரிந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் ஒரே வேளை கொடுப்பார்கள்.

கிளிவெட்டி மாட்டுண்ணியைப் பற்றிப் பயம் வேண்டாம். மாட்டிலேயே ஒட்டி வளரும் அந்த இனம் லைம் கிருமியைக் கடத்துவதில்லை. கனடாவின் கருங்கால் உண்ணி இலங்கையில் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியவை வேறு: மலைநாட்டில் உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சல், யாழ்ப்பாணம் உட்பட்ட உலர்வலயத்தில் பற்றைச் சிற்றுண்ணியால் வரும் ஸ்க்ரப் டைபஸ். ஸ்க்ரப் டைபஸில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருந்தழும்பு ஒன்று உடலில் எங்காவது மறைந்திருக்கலாம். இரண்டும் டொக்சிசைக்கிளினுக்குக் கேட்கும்.

வயல் வேலை செய்பவர்களுக்கு இந்தக் குளிசை புதிதல்ல. பொரேலியாவுக்கு உறவான, அதேபோல் சுருண்ட கிருமியே எலிக்காய்ச்சலைத் தருகிறது. 2008இல் அது இலங்கையில் ஏழாயிரம் பேருக்கு மேல் பரவியது. ஆபத்துள்ள இடங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்குக் கிழமைக்கு ஒரு தடவை கொடுப்பதும் டொக்சிசைக்கிளினே. இந்த உறவு ஒரு குழப்பத்தையும் தருகிறது. எலிக்காய்ச்சல் வந்த ஒருவரின் இரத்தத்தில் லைம் பரிசோதனை செய்தால், நோயே இல்லாமலும் ‘உண்டு’ என்று முடிவு வரலாம். லைம் பரவும் நாடுகளுக்குப் போகாத ஒருவர் மூட்டு வலிக்காக அந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அதேவேளை ஆடி ஆவணியில் திருவிழாவுக்கு வரும் கனடா உறவினருக்குக் காய்ச்சலோ தோலில் பரவும் திட்டோ முகத்தில் ஒரு பக்கம் இழுப்போ கண்டால், டெங்கு என்று மட்டும் நினைத்திருக்கக் கூடாது. கடந்த ஒன்றிரண்டு மாதத்தில் அவர் எந்தப் பூங்காவில் நடந்தார் என்பதை மூதூரிலோ திருகோணமலையிலோ பார்க்கும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.